கல்லுக்குழியின் புரட்டாசி

14.7.2024
ஞாயிறு இரவு

அன்புள்ள சுகன்யா அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. மாமாவிடமும் காட்டாதே. கடிதம் வந்ததையே உன் மாமியாரிடம் சொல்லாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பதாக நினைத்துக்கொள்.

நீயும் மாமாவும் சுகமா? உன் வறட்டு இருமல் நின்றதா? இங்கே அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. அப்பா சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. நீ பேசினால் ஸ்பீக்கர் போட்டு மூன்று பேரும் சேர்ந்துதான் கேட்கிறோம். என் வகுப்பு நர்மதாவை உனக்குத் தெரியும். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் இளையபெருமாள் சித்தப்பாவின் மகள். அவள் இதைப் பாடாலூர் தபால் பெட்டியில் போட்டுவிடுவாள். பதிலை அவள் வீட்டு விலாசத்துக்கு எழுது. அவள் பிரித்துப் பார்க்க மாட்டாள்.

போன வியாழக்கிழமை விடியற்காலை ஸ்பெஷல் கிளாசுக்கு நேரமாகிவிட்டதென்று கல்லுக்குழி வழியாகச் சைக்கிளில் போனேன். கிரஷர்காரன் உடைத்துவிட்டுப் போன பழைய குழிதான். அதன் மேட்டில் அப்பாவின் குட்டியானை வண்டி நின்றது. அப்பா மேலே இருந்து மூட்டைகளைத் தள்ளிவிட, கீழே ஒருவர் அவற்றைத் தூக்கிக் குழிக்குள் வீசினார். கோழிக் குடலும் தலையும் இறகும். கீழே நின்றவர் துண்டால் முகத்தைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு மூட்டையையும் இடது கையால் சுழற்றித்தான் வீசினார். சுற்றிலும் நாய்கள். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. ரேஷன் கடையில் நிற்பதுபோல் நின்றன. பழகிப்போன நாய்கள், அக்கா.

அப்பா நம்மிடம் என்ன சொல்லியிருக்கிறார்? நம் கோழிக்கடைக் கழிவைத் தீவனக் கம்பெனி லாரி வந்து எடுத்துப் போகிறது என்றுதானே? ஊருக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார். நம் ஒரு கடையில் அவ்வளவு கழிவு வராது. அரியலூர்க் கடைப் பெயர் அச்சிட்ட பைகளும் அங்கே கிடந்தன.

அந்தக் குழி நிரம்பினால் தண்ணீர் ஓடை வழியாக ஏரிக்குத்தான் போகும். ஊர்க் குடிதண்ணீர் போர்வெல் ஏரிக்குள் இருக்கிறது. நான் என்ன செய்ய? அம்மா புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன்.

உன் தங்கை
பிரவீணா


3.8.2024
அரியலூர்

அன்புத் தங்கை பிரவீணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. எழுதக் கை வரவில்லை. நாங்கள் எல்லோரும் நலம். இருமல் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிற ஊரில் இருமல் எங்கே போகும்? துணியைக் காயப்போட்டால் மாவு சலித்ததுபோல் ஆகிவிடுகிறது. அம்மாவுக்கு முட்டியில் வேப்பெண்ணெய் தடவிவிடு.

மாமாவுக்கு வேலை ஷிப்டு மாறி மாறி வருகிறது. சில நாள் இரவே போய்விட்டு, வெயில் ஏறியபின்தான் வருகிறார். அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை பிராய்லர் இல்லாமல் சோறு இறங்காது. இப்போது புதன்கிழமையும் வேண்டும் என்கிறார். எங்கள் தெருவில் மட்டும் இரண்டு கோழிக்கடைகள் புதிதாக வந்திருக்கின்றன.

நீ பார்த்ததைப் பற்றி என்ன எழுதுவது? அப்பா செய்தால் காரணம் இருக்கும். கீழே நின்றவர் முகம் உனக்குத் தெரியவில்லைதானே? சரியாகத் தெரியவில்லை என்றால் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. படிப்பைப் பார். பத்தாம் வகுப்பு.

உன் அக்கா
சுகன்யா


11.8.2024
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலுக்கு மிளகைப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடு. அம்மா சொல்லச் சொன்னாள் என்று எழுத முடியாது, நான்தான் சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம்.

அப்பாவிடம் நேராகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கடையில் பை கட்டிக்கொடுப்பேன் இல்லையா? இன்று கூட்டம் குறைந்ததும், "இந்தக் கொடலையெல்லாம் யாரும் வாங்கிட்டுப் போவ மாட்டாங்களாப்பா?" என்றேன்.

அப்பா கத்தியைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "முன்ன நாட்டுக்கோழி அடிச்சா கொடலக்கூட அலசித் தின்னுவாங்க பாப்பா. தீவாளிக்கும் கெடாவெட்டுக்கும்தான கறி. இப்ப லெக் பீஸ் மட்டும் குடு, தோலை உரிச்சுக் குடுங்கிறான். தின்னவன் கையைக் கழுவிட்டுப் போயிடறான். மிச்சத்த ஒருத்தன் அள்ளணும்ல?"

"எங்க அள்ளிப் போடுறது?"

அப்பா என்னைப் பார்த்தார். "லாரி வருதுல்ல" என்றார். கழுவிய கத்தியையே மறுபடி கழுவினார்.

அப்பா முன்பு காலையில் சோப்புப் போட்டுக் குளிப்பார். இப்போது பக்கெட்டில் பினாயில் ஊற்றிக் குளிக்கிறார். தோல் வெடித்திருக்கிறது. அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று நினைக்கிறேன். வரவில்லை. பயம்தான் வருகிறது.

வழியெல்லாம் மக்காச்சோளம், அக்கா. நம் காட்டில் வரகு விதைத்தது நினைவிருக்கிறதா? இப்போது ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விளைவதெல்லாம் கோழிக்குத் தீவனம். களைக்கொல்லி அடித்ததில் வரப்பில் குப்பைக்கீரைகூட முளைப்பதில்லை. காட்டைக் கோழி தின்கிறது, கோழியை நாம் தின்கிறோம், மிச்சத்தைக் குழி தின்கிறது.

அந்த ஆள் யாரென்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இடதுகைப் பழக்கக்காரர். உன் கல்யாணத்தில் மாமா சந்தனக் கும்பாவில் இடது கையை விட்டதும் ரத்தினம்மாள் பாட்டி, "நொட்டாங்கை மாப்ளயால்ல புடிச்சிருக்கான் செல்லதுரை!" என்று கத்தி, பந்தலே சிரித்ததே. அது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

உடனே எழுது.

பிரவீணா


20.9.2024
அரியலூர்

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. உடம்பு சரியில்லை. சரியில்லை என்றால் நல்ல செய்திதான். ஐந்தாம் மாதம். இதற்கு முன் ஒன்று தங்காமல் போனதால் நாள் தள்ளிச் சொல்லலாம் என்றிருந்தோம். அம்மாவுக்கு நாளை போன் செய்வேன். உனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

மசக்கையில் எந்தக் கறியும் ஆகவில்லை. கோழி வெந்தால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன். நல்லவேளையாகப் புரட்டாசி பிறந்துவிட்டது. அத்தைகூட வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ இனிமேல் குழி வழியாகப் போகாதே. ரோட்டு வழியாகப் போ.

சுகன்யா


29.9.2024
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சித்தியாகப் போகிறேன்! அம்மா போனை வைத்துவிட்டு அழுதாள். செல்லியம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டியிருக்கிறாள். நீ தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இதை நான் வெறுமனே எழுதவில்லை.

அந்த இடதுகைக்காரரைப் பற்றி எழுதியதற்கு நீ பதில் எழுதவில்லை. இருக்கட்டும்.

புரட்டாசி வந்ததும் ஊரில் கறி இல்லை. அப்பாவின் கடை பாதி நாள் மூடியிருக்கிறது. குட்டியானை வெளியே போவதில்லை. காற்றில் நாற்றம் இல்லை. கல்லுக்குழியும் விரதம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊர் வாயை மூடினால் குழியும் வாயை மூடிக்கொள்கிறது. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் நாய்களுக்கு யார் சொல்வது? கிழக்குத்தெரு பாக்யலட்சுமி அக்காவின் பட்டியில் நுழைந்து எல்லா ஆடுகளையும் கடித்துப் போட்டுவிட்டன. கணவர் போனபின் அவருக்கு அந்த ஆடுகள்தான் எல்லாம். செத்த குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுப்ப முடியவில்லை.

"எங்கேருந்துய்யா இத்தன நாயி வந்துச்சு? ஓநா மாரி இருக்கு ஒவ்வொன்னும்" என்று எல்லோரும் கேட்டார்கள். அப்பாவும் கூட்டத்தில் நின்றார். அவரும் "ஆமாய்யா" என்றார். பிறகு யாருக்கும் தெரியாமல் பாக்யலட்சுமி அக்கா வீட்டில் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டு வந்தார். அதை நான் பார்த்தேன். நான் பார்க்காமல் அப்பா எதையாவது செய்யக்கூடாதா?

இளையபெருமாள் சித்தப்பா மட்டும், "எங்கயோ ருசி கண்ட நாயிங்க இது. அந்த எடம் எதுன்னு பாருங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. புரட்டாசியில் மீனும் விற்கவில்லை. ஆனாலும் தீபாவளி முடிந்ததும் வலை போட்டால் நர்மதாவுக்கு நல்ல சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

பிரவீணா


13.10.2024
அரியலூர்

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமா? அம்மாவின் முட்டிவலி எப்படி?

ஆடுகளைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். நாய்களைப் பஞ்சாயத்தில் சொல்லிப் பிடிக்கச் சொல்லலாம். நீ அதிகம் யோசிக்காதே. புரட்டாசி முடியப் போகிறது. நாய்கள் அடங்கிவிடும்.

கால் வீங்கியிருக்கிறது. அதிகம் எழுத முடியவில்லை.

சுகன்யா


10.11.2024
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறைத்துக்கொள். இங்கே நலம் என்று எழுத முடியவில்லை.

புரட்டாசி முடிந்ததும் ஊர் ஒரு மாதப் பசியைத் தீர்த்துக்கொண்டது. பிறகு தீபாவளி. அந்த மூன்று நாளும் அப்பா தூங்கவே இல்லை. குட்டியானை போய்க்கொண்டே இருந்தது. பின்னாலேயே மழை. குழி நிரம்பி ஓடையில் வழிந்தது. குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வந்து வாடை அடித்தது. வடக்குத்தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நர்மதாவின் தம்பி பிரேமுக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

புதன்கிழமை செல்லியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நான் அம்மாவோடு நின்றேன். ஊர்ப் பெரியவர் அங்கமுத்து, "ஏரியில கோழிக் கொடலு மெதக்குது. எவன்யா இந்த வேலயப் பாத்தவன்?" என்றார்.

வீரமணி அண்ணன் உடனே, "ஏரியில மீன் வளக்கறவனக் கேளுங்க. கெளுத்திக்குக் கோழிக் கொடலத்தான தீனியா போடுறானுங்க" என்றார்.

"எலேய், நான் வுட்டது கட்லாவும் ரோகுவும்டா" என்றார் இளையபெருமாள் சித்தப்பா. "அது பாசியத் திங்கும். கொடலப் போட்டா செத்துப்போவும். என் மீனுக்கு நானே வெசம் வப்பனா? கோழிக்கடக்காரர் இருக்காரே, அவரக் கேக்க மாட்டியா?"

எல்லோரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். அப்பா, "எங் கடைக்கு லாரி வருது. நீங்களே பாத்திருக்கீங்க" என்றார்.

"போன வருசம் பாத்தேன். இந்த வருசம் லாரியக் காணோமே செல்லதுரை?" என்றார் ரத்தினம்மாள் பாட்டி.

"வெடியக்காலம் வரான் ஆத்தா. நீ கொறட்ட வுடுற நேரம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அப்பா தப்பித்தார். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப வூட்டுக்கு ஒருத்தர் வந்து சூடத்த அணைச்சு, நாங்க கொட்டலன்னு சத்தியம் பண்ணுங்க. மொத ஆளா நான் அணைக்கிறேன்" என்று அம்மன் முன்னால் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அமுக்கினார். கையை எடுக்க வெகுநேரமானது.

அன்று இரவும் மழை. காலையில் ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது, அக்கா. வெள்ளை வெள்ளையாக, கரையே தெரியாமல். குழித் தண்ணீர் வந்து சேர்ந்ததால்தான் செத்தது. எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பொய்ச் சத்தியம் பண்ணான், அம்மன் ஒரே ராத்திரியில காட்டிட்டா பாரு" என்றது.

மீனை அள்ளிப் புதைக்க வந்தவர்களுக்கு ஊர்ச் செலவில் பிரியாணி போட்டார்கள். கோழி நம் கடையிலிருந்து போனது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு மீன் அள்ளியவர்கள், துணியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை எல்லா வீட்டாரும் சூடம் அணைக்க வேண்டும். நம் வீட்டின் சார்பில் அப்பா போகப் போவதில்லை. "பாப்பா போவட்டும். வயசுப் புள்ள அணைச்சா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க" என்கிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்துதான் சொல்கிறாரா? அக்கா, உடனே எழுது. இந்த ஒரு தடவையாவது உடனே எழுது.

பிரவீணா


12.11.2024
அரியலூர்

பிரவீணா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இதை இன்றே தபாலில் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டுக்குத் தூரம், கோயிலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடு. அம்மாவிடமும் அப்படியே சொல். துணியை அம்மா கண்ணில் படாமல் நீயே அலசிப் போடு. அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும்.

வேறு எதையும் யாரிடமும் சொல்லாதே. என்மேல் சத்தியம்.

சுகன்யா


24.11.2024
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? குழந்தை அசைகிறதா? அம்மா வளைகாப்புக்கு வளையல் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

நீ எழுதியபடியே சொன்னேன். மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய். பொய்க்காகத் தனியே உட்கார்ந்திருப்பது வேடிக்கையாக இருந்தது. மற்ற வீட்டாரெல்லாம் அணைத்துவிட்டார்கள். பாக்யலட்சுமி அக்காகூட வந்து அணைத்தாராம். நம் வீடு மட்டும்தான் பாக்கி. அடுத்த வெள்ளிக்குள் மழை பிடித்துக்கொண்டது. இனி டிசம்பர் ஆறாம் தேதி என்று அங்கமுத்து சொல்லி அனுப்பியிருக்கிறார். நம் வீடும் அணைத்துவிட்டால் பழி இளையபெருமாள் சித்தப்பாமேல்தான் என்று முடிவாகிவிடும். அவர் குத்தகையை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்ய வேண்டும்.

யாரும் அவரிடம் மீன் வாங்குவதில்லை. நர்மதாவோடு பெஞ்சில் நான் மட்டும் உட்காருகிறேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். மூக்கைப் பொத்துகிறவர்களின் டிபன் பாக்ஸில் சிக்கன் வறுவல் இருக்கிறது. நர்மதா என்னிடம், "நீயாவது ஒக்காருறியே" என்றாள். அவள் கையில்தான் இந்தக் கடிதத்தையும் கொடுக்கப் போகிறேன். அவள் அப்பாவைக் காப்பாற்றக்கூடியதை அவளே தெரியாமல் சுமந்துபோய்ப் பெட்டியில் போடுகிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் சுற்றி வளைக்க என்னால் முடியவில்லை. நான் ஆகஸ்டில் இடது கை என்று எழுதினேன். நீ ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. சூடம் என்று எழுதினேன். அன்றைக்கே பதில் எழுதிவிட்டாய். குழியில் அரியலூர்ப் பைகள் கிடந்தன. மாமாவின் ஷிப்டு வெயில் ஏறியபின் முடிகிறது.

மாமாதானே அக்கா?

பிரவீணா


2.12.2024
அரியலூர்

என் தங்கம் பிரவீணாவுக்கு,

ஆமாம்.

மாமாவுக்குச் சிமெண்ட் லாரி வேலை போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வீட்டில் சொல்லாதே என்றார். தீவனக் கம்பெனி லாரி நின்றதும் அதே நேரம்தான். இங்கே கோழிக்கடைகளில் கழிவை எடுக்க ஆள் தேடினார்கள். அப்பாதான் மாமாவைக் கூப்பிட்டார். குழிக்குள் மண் போட்டு மூடிவிடலாம் என்றுதான் முதலில் பேசினார்கள். மூட ஆரம்பிப்பதற்குள் அடுத்த மூட்டைகள் வந்துவிடும். யாரும் ஒரு வாரம்கூடத் தின்னாமல் இருப்பதில்லையே.

அவர் வந்து வாசலிலேயே குளிப்பார். நான் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். நகக்கண்ணில் இருப்பதை ஊக்கால் எடுத்துவிடுவேன். இதையெல்லாம் உனக்கு எப்படி எழுதுவேன்?

வெளியே தெரிந்தால் இரண்டு பேரையும் போலீஸ் பிடிக்கும். நான் ஏழு மாதத்தை முடித்துக்கொண்டிருக்கிறேன். போன தடவைபோல் ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு இரவும் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன்.

நீ "நான் கொட்டவில்லை" என்று மட்டும் சொல்லி அணைத்துவிடு. அது பொய் இல்லை. உன் கையால் நீ எதையும் கொட்டவில்லை. அம்மனுக்குத் தெரியும். உன்னை இப்படிக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் அக்கா


5.12.2024
வியாழன் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

நாளை காலை நம் வீட்டு முறை. நேற்று அம்மா மாவிளக்குக்கு வைத்திருந்த சூடத்தில் ஒன்றை எடுத்துக் கொல்லையில் கொளுத்தி அணைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் கொப்பளம் வந்துவிட்டது. கையை அமுக்கும்போது நீ எழுதியதைச் சொல்லிப் பார்த்தேன். நான் கொட்டல. நான் கொட்டல. அது உண்மைதான். ஊரில் அணைத்த எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். நாங்க திங்கலன்னு சத்தியம் பண்ணுங்க என்று கேட்டிருந்தால் ஒரு கைகூட நீண்டிருக்காது. என் கையும் நீண்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பையும் கட்டிக்கொடுத்து, ஈரலும் எனக்கென்று எடுத்து வைத்துத் தின்றவள் நான்.

இன்று நர்மதா பள்ளிக்கு டி.சி. வாங்க வந்தாள். அவர்கள் செந்துறையில் அவளுடைய மாமா வீட்டுக்குப் போகிறார்கள். உன் கடிதத்தை மழையில் நனையாமல் பாலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "இதான் கடைசி. இனிமே எங்க வூட்டு வெலாசத்துக்கு எழுதச் சொல்லாத" என்றாள். நான் ஓரமாகப் போய்ப் படித்தேன். திரும்பி வந்தபோது அவள் போகாமல் நின்றாள்.

"நாளைக்கு நீதான் அணைக்கப் போறியாமே?" என்றாள்.

"ம்."

"எங்கப்பா சொன்னாரு. மத்தவங்க அணைச்சத நான் நம்பல, பிரவீணா அணைச்சா நம்புறேன், அந்தப் புள்ள பொய் சொல்லாது, அது அணைச்சிட்டா ஒரு வார்த்த பேசாம கெளம்பிடறேன்னாரு."

அக்கா, அவர் என்னைத் திட்டியிருந்தால் நாளைக்கு அணைத்திருப்பேன்.

நான் நர்மதாவிடம் சொல்லிவிட்டேன். கல்லுக்குழி, குட்டியானை, லாரி வராதது, ஜூலையிலிருந்தே எனக்குத் தெரியும் என்பது. அப்பா பெயரைச் சொன்னேன். கூட ஒருத்தர் இருந்தார், முகம் தெரியவில்லை என்றேன். மாமாவை நான் சொல்லவில்லை. அது ஒன்றுதான் உனக்காக நான் சொன்ன பொய். மாமாவை இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல். அப்பா காட்டிக்கொடுக்க மாட்டார்.

நர்மதா அழவில்லை, கத்தவில்லை. "நான் போட்ட லெட்டர்லல்லாம் இதுதான் இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். டி.சி.யை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். இந்தக் கடிதத்தை நானேதான் போட வேண்டும்.

அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். சாயங்காலம் எனக்காகப் புது ரிப்பன் வாங்கி வந்தார். நாளைக்குக் கோயிலுக்குப் போகும்போது கட்டிக்கொள்ளச் சொன்னார். "பயப்படாத பாப்பா, சட்டுனு அமுக்கினா சுடாது" என்றார். பிறகு என் கொப்பளத்தைப் பார்த்துவிட்டார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவிவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அறிந்தது அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும்.

என்னை வெறுத்துவிடாதே அக்கா. குழந்தை பிறந்தால் என்னைத் தூக்க விடுவாயா? உன் வளைகாப்புக்கு அம்மா சிவப்பு வளையல்தான்...

கதவைத் தட்டுகிறார்கள். வெளியே டார்ச் வெளிச்சம். நர்மதாவின் குரல். "பிரவீணா, எங்கப்பா வந்திருக்காரு. கதவத் தெற."

அப்பா எழுந்து பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவுக்குப் போகவில்லை. என் பக்கம் பார்க்கிறார். அக்கா, நான்தான் திறக்கப் போகிறேன்.